தளம் படுத்துவிட்டதா? முதலில் வாயைத் திறங்கள்

"சர்வர் இல்ல."

ரேஷன் கடை, பத்திரப்பதிவு அலுவலகம், இ-சேவை மையம் என்று எங்காவது இந்த இரண்டு சொல்லைக் கேட்டுத் திரும்பி வராத குடும்பம் தமிழ்நாட்டில் இருக்காது. கல்லூரிச் சேர்க்கை நடந்துகொண்டிருந்த ஒரு நாள், எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். விண்ணப்பிக்கக் கடைசி நாள். எனக்கு முன்னால் ஓர் அம்மா, கையில் மகளின் மதிப்பெண் சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் கவர். கட்டணம் கட்டியாயிற்று, வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தாயிற்று. திரையில் மட்டும் வெள்ளைப் பக்கம். நடுவில் ஆங்கிலத்தில் ‘சம்திங் வென்ட் ராங்’ என்று ஒரு வரி.

அவர் கடைப் பையனிடம் மூன்று கேள்வி கேட்டார். "கட்டின பணம் போயிடுச்சா தம்பி? நான் இங்கேயே இருக்கட்டுமா, சாயங்காலம் வரட்டுமா? இன்னிக்கு முடியலைன்னா நாளைக்கு எடுத்துக்குவாங்களா?"

சர்வர் ஏன் படுத்தது என்று அவர் கேட்கவில்லை. டேட்டாபேஸா, நெட்வொர்க்கா, முந்தின நாள் இரவு யாரோ ஏற்றிய புது கோடா என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நாமோ முதலில் தேடுவது அதைத்தான். அது கிடைக்கும்வரை வெளியே ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவர் கேட்பது ஒன்று, நாம் தேடுவது இன்னொன்று. நடுவில் கழியும் நேரத்தில்தான் பயனரின் எரிச்சல் முழுக்க விளைகிறது.

டெவலப்பர், சப்போர்ட் ஊழியர், குழுத் தலைவர், தனியாகத் தளம் செய்து கொடுக்கும் ஃப்ரீலான்சர் என்று யாராக இருந்தாலும் ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியாமலே அறிவிப்பு எழுத முடியும். எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

நாம் ஏன் வாய் திறப்பதில்லை?

சொன்னது தவறாகிவிட்டால் பிடித்துக்கொள்வார்களே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், சொல்வது யார் வேலை என்றே குழுவில் யாருக்கும் தெரியாதது.

பல வருடம் முன்பு, ஒரு தீபாவளி வாரம். ஆன்லைன் துணிக்கடை ஒன்றின் தளத்தை எங்கள் குழு பார்த்துக்கொண்டிருந்தது. இரவு எட்டரை மணிக்குப் பணம் கட்டும் பக்கம் நின்றுவிட்டது. நாங்கள் ஆறு பேரும் லாகில் மூழ்கினோம். சப்போர்ட்டில் இருந்த பெண் நான்கு முறை எழுந்து வந்து, "சார், கஸ்டமருக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். நான்கு முறையும் திரையிலிருந்து தலையை எடுக்காமல், "பாத்துட்டிருக்கோம்னு சொல்லுங்க" என்றோம். 50 நிமிடத்தில் சரிசெய்துவிட்டோம். வெற்றிக் களிப்போடு டீ குடித்தோம்.

மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. கணக்கில் பணம் கழிந்து ஆர்டர் எண் வராதவர்கள் மறுபடியும் கட்டியிருந்தார்கள். சிலர் மூன்று முறை. 50 நிமிடக் கோளாறுக்கு ரீஃபண்ட் வேலை மூன்று வாரம் இழுத்தது. ‘மறுபடி கட்டாதீர்கள்’ என்று பக்கத்தின் தலையில் எழுதியிருந்தால் அந்த மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். அதை எழுத எங்களுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கம் வேலை செய்யவில்லை என்று தெரிந்திருந்தது, போதும்.

முதல் 15 நிமிடம்

1970-இல் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது பல துறைகளின் தீயணைப்புப் படைகள் வந்து குவிந்தன. யார் சொல்வதை யார் கேட்பது என்பதில் பெருங்குழப்பம். அந்த அனுபவத்திலிருந்து ‘இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்’ என்ற முறை உருவானது. கூகுள் போன்ற நிறுவனங்கள் தளம் விழும் நேரத்துக்கு அதைத் தங்களுக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டன. ஒருவர் மொத்தத்தையும் நடத்துவார். சிலர் பழுது பார்ப்பார்கள். ஒருவர் வெளியே பேசுவார். பழுது பார்ப்பவரைப் பேசச் சொல்லக் கூடாது. பேசுபவர் பழுதில் கை வைக்கக் கூடாது.

மூன்று பேர் கொண்ட சிறு குழுவிலும் இதைச் செய்யலாம். வரிசை இதுதான்:

1. ‘தளம் விழுந்துவிட்டது’ என்று குழுவில் ஒருவர் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். "கொஞ்சம் ஸ்லோவா இருக்கு போல" என்று இழுத்துக்கொண்டே 20 நிமிடம் போவது நம் எல்லாருக்கும் பழக்கம். சந்தேகம் வந்தாலே அறிவித்துவிடுங்கள்; பொய்யாகப் போனால் நல்லதுதான்.

2. பேசுபவர் யார் என்று பெயர் சொல்லி முடிவுசெய்யுங்கள். குழுவில் இளையவராக இருந்தாலும் பரவாயில்லை. தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும்.

3. சப்போர்ட் மேசைக்கு இரண்டு வரி அனுப்புங்கள். வெளியே அறிவிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். கஸ்டமர் சொல்லித் தன் கம்பெனிச் செய்தியைத் தெரிந்துகொள்வதைப் போன்ற அவமானம் சப்போர்ட் ஊழியருக்கு வேறு இல்லை.

4. முதல் அறிவிப்பை வெளியிடுங்கள்.

தனியாக வேலை பார்ப்பவருக்கும் இதே வரிசைதான். லாகைத் திறப்பதற்கு முன் மூன்று நிமிடம் ஒதுக்கி, கடைக்காரருக்கோ பள்ளி நிர்வாகத்துக்கோ வாட்ஸ்அப்பில் நான்கு வரி போட்டுவிட்டு உட்காருங்கள். அப்புறம் போன் அடித்துக்கொண்டே இருக்காது, வேலையும் ஓடும்.

என்ன எழுதுவது?

நாம் வழக்கமாக எழுதுவது இப்படி:

"தொழில்நுட்பக் கோளாறு காரணமாக எங்கள் சேவை தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டுள்ளது. விரைவில் சரிசெய்யப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

இதில் பிழை ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. அந்த அம்மாவின் மூன்று கேள்வியில் ஒன்றுக்குக்கூட இதில் பதில் கிடையாது. ‘தற்காலிகம்’ என்றால் பத்து நிமிடமா, பத்து நாளா? ‘விரைவில்’ என்பது யாருடைய கடிகாரத்தில்?

அதே குழு, காரணம் தெரியாத அதே நிமிடத்தில் இப்படியும் எழுதலாம்:

"இரவு 8.30 மணி முதல் பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை. துணி பார்ப்பதும் கூடையில் சேர்ப்பதும் வழக்கம்போல் நடக்கின்றன. கணக்கில் பணம் கழிந்து ஆர்டர் எண் வராதவர்கள் மறுபடி கட்ட வேண்டாம், எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள். காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்குள் சரியாகாவிட்டாலும் 9.15 மணிக்கு அடுத்த தகவல் தருவோம்."

ஐந்து அம்சம்: எப்போதிலிருந்து, எது ஓடவில்லை, எது ஓடுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் அல்லது செய்யக் கூடாது, அடுத்து எப்போது பேசுவோம். காரணத்தைப் பற்றி ஒரே வரிதான், அதுவும் ‘தேடுகிறோம்’ என்பதுதான். இந்த ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவையுங்கள். படபடப்பில் மூளை வேலை செய்யாது. சீட்டு வேலை செய்யும்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இன்னும் கவனம் தேவை. "உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது" என்று சரிபார்க்காமல் எழுதக் கூடாது. விதி என்ன சொல்கிறது என்று எழுதலாம். யு.பி.ஐ.யில் கடைக்குப் பணம் அனுப்பும்போது வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் நின்றுபோனால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி இது. சப்போர்ட் ஊழியருக்கு இந்த ஒரு தகவல் தெரிந்திருந்தால் பாதி அழைப்புகள் அமைதியாக முடியும்.

மொழியையும் பாருங்கள். தளம் முழுக்கத் தமிழில் செய்துவிட்டு, விழும்போது வரும் பக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் விட்டுவிடுகிறோம். ஏனென்றால் அது ஃபிரேம்வொர்க்கோடு வந்த பக்கம், யாரும் தொடவில்லை. மனிதர் மிகவும் பதறி நிற்கும் நேரத்தில் அவருக்குப் புரியாத மொழியில் பேசுகிறோம். நாளைக்கே அந்தப் பக்கத்தைத் திறந்து தமிழில் எழுதுங்கள். பின்னணியில் 503 என்ற குறியீட்டை அனுப்புகிறதா என்றும் பாருங்கள். இது தற்காலிகத் தடை என்று தேடுபொறிகளுக்கு அதுதான் சொல்லும்.

சரியாகும் நேரத்தைச் சொல்லாதீர்கள்; பேசும் நேரத்தைச் சொல்லுங்கள்

காத்திருப்பின் உளவியலைப் பற்றி டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதிய கட்டுரை நிர்வாகப் பாடங்களில் இன்றும் பேசப்படுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார். ஏன் என்று சொல்லப்படாத காத்திருப்பும் அப்படித்தான். பேருந்து நிறுத்தத்தில் நின்ற எவருக்கும் இது தெரிந்ததே. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நேரம் சொன்னால் நல்லது என்று நினைத்து, "அரை மணியில் சரியாகிவிடும்" என்று சொல்லிவிடுகிறோம். பழுது எப்போது தீரும் என்பது நம் கையில் இல்லை. அடுத்து எப்போது பேசுவோம் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. வாக்குக் கொடுப்பதானால் அதற்குக் கொடுங்கள்.

9.15-க்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் 9.15-க்குப் பேசியே ஆக வேண்டும். "இன்னும் தேடுகிறோம். முதல் சந்தேகம் தவறாகப் போனது. அடுத்த தகவல் 9.45" என்று எழுதினால்கூட, அங்கே ஆள் இருக்கிறார்கள் என்று தெரிகிறது.

அவசரப்பட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொன்னவர்களின் கதை பிரிட்டனில் இருக்கிறது. 2018 ஏப்ரலில் டி.எஸ்.பி. வங்கி தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புது மென்பொருளுக்கு மாற்றியது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். சில நாளில் வங்கியின் தலைமை அதிகாரி பால் பெஸ்டர், ஆன்லைன் சேவை ஓடத் தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். எங்களால் இன்னும் நுழைய முடியவில்லையே என்று மக்கள் பதிலுக்குக் குவிந்தார்கள். நாடாளுமன்றக் குழுவும் அவர் பேச்சைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தச் செப்டம்பரில் அவர் பதவி விலகினார். மாற்றத்தைச் சரியாகத் திட்டமிடாததற்காக 2022 டிசம்பரில் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. உங்கள் டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிவதை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். வெளியிலிருந்து, சாதாரண மொபைலில், சாதாரண நெட்டில் ஒருவர் முழு வேலையையும் செய்து முடித்த பிறகே ‘சரியாகிவிட்டது’ என்று எழுதுங்கள்.

அறிவிப்புப் பலகையை வேறு வீட்டுச் சுவரில் மாட்டுங்கள்

வீடு தீப்பிடித்தால் அழைக்க வேண்டிய எண்ணை அந்த வீட்டுக்குள்ளேயே எழுதி வைப்போமா? பெரிய நிறுவனங்களே வைத்திருக்கின்றன.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா பகுதியில் விழுந்தது. பில்லிங் முறையில் இருந்த தாமதத்தைச் சரிசெய்ய ஒருவர் கொடுத்த கட்டளையில் ஒரு பகுதி பிசகி, நிறுத்த நினைத்ததைவிட அதிக சர்வர்கள் நின்றுபோயின. சேவை முழுதாகத் திரும்ப நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. எந்தச் சேவை ஓடுகிறது, எது ஓடவில்லை என்று காட்டும் பலகையை இயக்கும் முறையே எஸ்3-ஐச் சார்ந்திருந்தது. முதல் இரண்டு மணி நேரம் அதில் நிலையை மாற்றவே முடியாமல் ட்விட்டரில் செய்தி போட்டார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சுமார் ஆறு மணி நேரம் மறைந்தபோது ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டதும் போட்டியாளரின் தளத்தில்தான்.

இவற்றையெல்லாம் மிஞ்சியது அட்லாசியன். ஜிரா, கான்ஃப்ளுவென்ஸ் விற்கும் அந்த நிறுவனம் ஸ்டேட்டஸ் பேஜ், அதாவது இப்படிப்பட்ட அறிவிப்புப் பக்கம் நடத்தும் மென்பொருளும் விற்கிறது. 2022 ஏப்ரல் 5 அன்று ஒரு பழைய செயலியை மட்டும் நீக்க வேண்டியிருந்தது. நீக்கச் சொன்ன குழு, செயலியின் அடையாள எண்களுக்குப் பதிலாக வாடிக்கையாளர் தளங்களின் எண்களைக் கொடுத்துவிட்டது. நீக்கிய குழு மறுபடி கேட்கவில்லை. 23 நிமிடத்தில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் அழிந்தன. சிலருக்குத் திரும்பக் கிடைக்க 14 நாள் வரை ஆயிற்று.

நம் பாடம் அதற்கு அடுத்ததில் இருக்கிறது. தளத்தோடு சேர்ந்து அந்த வாடிக்கையாளர்களின் தொடர்பு விவரங்களும் போய்விட்டன. யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்றே நிறுவனத்துக்குத் தெரியவில்லை. வாடிக்கையாளர் புகார் கொடுக்கப் போனால் படிவம் அவருடைய தள முகவரியைக் கேட்டது. அது அழிந்துபோன முகவரி. முழு விவரம் தெரியாதபோதும் முன்னதாகவே, பரவலாகப் பேசியிருக்க வேண்டும் என்று நிறுவனமே பின்னால் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இரண்டு குழு ஒன்றோடொன்று சரியாகப் பேசாததால் வந்த விபத்து, வாடிக்கையாளரிடம் பேசாததால் பேரிடராயிற்று.

ஆகவே மூன்று ஏற்பாடு. உங்கள் தளம் ஓடும் இடத்தைச் சாராத ஓர் இடத்தில் அறிவிப்புப் பக்கம். சென்னையில் வேர்விட்ட ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்றவையும் இதற்கான மென்பொருளை உருவாக்கியிருக்கின்றன. சிறு தளத்துக்கு வேறொரு ஹோஸ்ட்டில் ஒற்றை எச்.டி.எம்.எல். பக்கமோ, ஒரு வாட்ஸ்அப் சேனலோ போதும். அடுத்து, முக்கிய வாடிக்கையாளர்களின் எண்கள் உங்கள் டேட்டாபேஸுக்கு வெளியே ஒரு பிரதி, பத்திரமாகப் பூட்டிய இடத்தில். கடைசியாக, அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்ட் குறைந்தது இரண்டு பேரிடம். ஒருவர் விமானத்தில் இருக்கும்போதுதான் சர்வர் படுக்கும்.

பட்டதைச் சொன்னால் மானம் போய்விடுமா?

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தில் இரவு வேளை. சோர்ந்துபோயிருந்த ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் சர்வரில் இருக்கிறோம் என்று நினைத்து முதன்மை சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஒன்றிரண்டு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி.தான் மிச்சம். பேக்கப்பிலிருந்து மீட்கலாம் என்று பார்த்தால், இருந்த ஐந்து வழியில் ஒன்றும் நம்பும்படி இல்லை. தினசரி பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை மெயில் சர்வர் தள்ளுபடி செய்துகொண்டிருந்தது. மெஷின்கூட ஒழுங்காகச் சொல்லித்தான் இருக்கிறது. யார் காதிலும் விழவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக அதே பொறியாளர் எடுத்துவைத்திருந்த ஒரு பிரதிதான் கடைசியில் காப்பாற்றியது.

நிறுவனம் செய்தது என்ன தெரியுமா? மீட்பு வேலையின் குறிப்பேட்டை எல்லாரும் படிக்கத் திறந்து வைத்தது. பொறியாளர்கள் வேலை செய்வதை யூட்யூபில் நேரலையாகக் காட்டியது. ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆறு மணி நேரத் தரவு, சுமார் 5,000 புராஜெக்டுகளின் பதிவுகள் உட்பட, திரும்பவில்லை. திட்டியவர்களும் உண்டு. ஆனால் இன்றுவரை அந்தச் சம்பவம் நேர்மைக்கு உதாரணமாகத்தான் பேசப்படுகிறது. அறிக்கையில் அந்தப் பொறியாளர் பெயர் இல்லை. ‘குழு உறுப்பினர் 1’ என்றுதான் இருந்தது.

எல்லாரும் யூட்யூபுக்குப் போக வேண்டியதில்லை. தகவல் திருட்டு, ஊடுருவல் என்ற சந்தேகம் இருந்தால் கதை வேறு. இந்தியாவில் செர்ட்-இன் என்ற அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது சட்டக் குழுவைக் கேட்டுத்தான் வெளியே வாய் திறக்க வேண்டும். அப்போதும் பயனர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தடையில்லை.

மேலிடம் ‘எதுவும் சொல்லாதே’ என்றால்?

நம் அலுவலகங்களில் அடிக்கடி நடப்பது இது. "அறிவிச்சா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்பா" என்பார் மேலாளர். அவரோடு கொள்கைச் சண்டை போடாதீர்கள். கணக்கைக் காட்டுங்கள். போன முறை விழுந்தபோது வந்த அழைப்புகள், இரட்டைப் பணம், ரீஃபண்டுக்கு ஆன நாட்கள். இரண்டாவது வழி, அமைதியான ஒரு நாளில் மூன்று மாதிரி அறிவிப்புகளை எழுதி அவரிடம் ஒப்புதல் வாங்கி வையுங்கள். சம்பவ நேரத்தில், "சார், நீங்க ஓகே பண்ணதுதான், நேரத்தை மட்டும் மாத்திப் போடறேன்" என்றால் போதும்.

மூன்றாவது, நாம் சொல்லாவிட்டால் ஊர் சொல்லும் என்பதை நினைவூட்டுங்கள். 2021 ஜூன் 7 அன்று புதிய வருமானவரித் தளம் தொடங்கியது. மறுநாளே, புகார்கள் குவிவதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் தளத்தை உருவாக்கிய இன்ஃபோசிஸையும் அதன் தலைவர் நந்தன் நிலேகனியையும் குறிப்பிட்டு எழுதினார். ஆகஸ்ட் 21 முதல் தளம் கிடைக்காமல் போனபோது நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை அமைச்சர் அழைத்து விளக்கம் கேட்கிறார் என்று வருமானவரித் துறையே நாட்டுக்கு அறிவித்தது. 2020 டிசம்பரில் எச்.டி.எஃப்.சி. வங்கியின் தொடர் தடங்கல்களுக்காக, புதிய டிஜிட்டல் சேவை தொடங்கவும் புதிய கிரெடிட் கார்டு கொடுக்கவும் ரிசர்வ் வங்கி தடை போட்டது. முழுத் தடையும் நீங்க 2022 மார்ச் ஆயிற்று. சர்வர் அறையோடு முடியும் விஷயமாக இது இப்போது இல்லை.

விற்பனைக் குழுவுக்கும் ஒரு கணக்கு சொல்லிவையுங்கள். "99.9 சதவீதம் ஓடும்" என்று ஒப்பந்தத்தில் எழுதினால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் விழலாம் என்று பொருள். 99 என்றால் 7 மணி 12 நிமிடம். 99.99 என்றால் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு ஒன்பதைக் கூடுதலாக எழுதும் கைக்கு, அந்த 4 நிமிடத்துக்குள் நடுராத்திரி எழுந்து லேப்டாப் திறக்க வேண்டியவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முடிந்த பிறகுதான் பாதி வேலை

‘சரியாகிவிட்டது’ என்ற அறிவிப்பில் மிச்சம் மீதியைச் சொல்லுங்கள். 8.30 முதல் 9.20 வரை கட்டியவர்களின் நிலை என்ன, எந்தத் தேதிக்குள் தெரியும், யாரை அணுகுவது. பிறகு ஒரு வாரத்துக்குள் ஓர் அறிக்கை. நேர வரிசை, யாருக்கு என்ன பாதிப்பு, காரணம், என்ன செய்தோம், இனி என்ன மாற்றப் போகிறோம். கடைசிப் பகுதியில் ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளரும் தேதியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் இரங்கல் குறிப்பு.

எழுதும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘கோளாறு ஏற்பட்டது’ என்பது வானிலை அறிக்கை நடை. ‘நாங்கள் மாற்றிய ஓர் அமைப்பு பணம் கட்டும் பக்கத்தை நிறுத்திவிட்டது’ என்பது பொறுப்பேற்கும் நடை. ஆனால் ‘நாங்கள்’ என்பது ‘இன்னார்’ ஆகிவிடக் கூடாது. ஒருவரைத் தூக்கில் போட்டால் அடுத்த முறை தவறு செய்பவர் அதை மறைப்பார். கண்டுபிடிக்க இன்னும் நேரமாகும்.

வேலை தேடுபவர்களுக்கு

"நீங்கள் காரணமாகி ஒரு சேவை விழுந்த அனுபவம் உண்டா?" என்று நேர்காணலில் கேட்டால், "அப்படி எதுவும் நடந்ததில்லை சார்" என்பது மோசமான பதில். நடந்ததைச் சொல்லுங்கள், யாருக்கு எப்போது தகவல் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து. பழுதைக் கண்டுபிடித்த கதையை எல்லாரும் சொல்வார்கள். பயனரை நினைத்த கதையைச் சொல்பவர் அரிது.

இதைப் பழகவும் முடியும். மாதம் ஒருமுறை குழுவில் ஒரு கற்பனைச் சம்பவம் வையுங்கள்: "தேர்வு முடிவு வெளியாகும் நாள், காலை 9.30, பக்கம் திறக்கவில்லை." ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் நான்கு வரி அறிவிப்பு எழுத வேண்டும். எழுதியதை, தொழில்நுட்பமே தெரியாத ஒருவரிடம், வீட்டில் அம்மாவிடமோ அலுவலக செக்யூரிட்டி அண்ணனிடமோ காட்டி, "இப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் அறிவிப்பு பாஸ்.

கடைசியாக, அந்த பிரவுசிங் சென்டர்

பையனுக்கு இருபது வயது இருக்கும். அந்த அம்மாவின் மூன்று கேள்விக்கும் அவனிடம் முழுப் பதில் இல்லை. பின்னால் கூட்டம் சேர்ந்து, ஆளாளுக்கு அதையே கேட்க ஆரம்பித்தார்கள். அவன் எழுந்து, பிரிண்டர் பேப்பர் வந்த அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினான்.

"காலேஜ் அப்ளிகேஷன் சைட் ஓடவில்லை. மற்ற வேலை நடக்கும். பணம் கட்டியவர்கள் திரும்பக் கட்ட வேண்டாம், மெசேஜை போட்டோ எடுத்து வைக்கவும். 4 மணிக்கு மறுபடி பார்ப்பேன்."

காரணம் அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. கூட்டம் அதைப் படித்துவிட்டுக் கலைந்தது. அந்த அம்மா எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். 4 மணிக்கு அவன் பக்கத்தைத் திறந்தான். அதே வெள்ளைத் திரை. வெளியே போய் 4-ஐ அடித்துவிட்டு 5.30 என்று எழுதினான். யாரும் சத்தம் போடவில்லை.